நூற்றி முப்பத்தாறு குல்லா

அந்த அறையில் அண்ணன் இருந்தான். அவன் பக்கத்தில் நான் இருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மில் மேனேஜரும், கால்குலேட்டரை முன்னால் வைத்துக்கொண்டு ஆபீஸ்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனை கேட்டில் பிடித்த வாட்ச்மேன் கதவோரம் நின்றார். எங்களுக்காகப் பேச வந்த சங்கத்து அண்ணாச்சி ஜன்னலோரம் நின்றார். மதினி இல்லை. தொழிலாளியோடு வீட்டாள் ஒருவர்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். படித்தவன் போகட்டும் என்று என்னை அனுப்பிவிட்டு அவள் மில் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

ஆனால் அங்கே பேசியதெல்லாம் அவளால் வந்ததைப் பற்றித்தான். அண்ணன் மில்லிலிருந்து நூல் எடுத்திருந்தான். எடுத்தது அவள் பின்னும் குல்லாக்களுக்காக. அவனுடைய வேலை நிலைக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரிய வேண்டும்.

மதினி எதையும் சும்மா வாங்க மாட்டாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிசம். காய்கறி மொபெட்டில் வரும். காய் வாங்கினால் ஒரு கொத்துக் கருவேப்பிலை கொசுறாகப் போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அது தினமும் ஒரு வழக்காக இருந்தது.

"ஏட்டி, கருவேப்பிலைக்குத் துட்டு குடுக்குத மவராசிய நான் ஒன்னயத்தான் பாத்திருக்கேன். சும்மா கொண்டு போட்டி" என்பாள் காய்க்கார அக்கா.

"நீங்க சும்மாவா பறிச்சீங்க?"

"எங்க வீட்டு மரத்துல சும்மாதான் கிடக்கு."

"ஏறிப் பறிச்சது யாரு? கை வலிக்கல? ஒரு ரூவாயப் பிடிங்க."

"இவ புருசன் மில்லு வச்சிருக்கான்னு எவனோ சொல்லிட்டான் போல" என்று சிரித்துக்கொண்டே அந்த ரூபாயை வாங்கி முந்தியில் முடிந்துகொள்வாள். அண்ணன் அந்த மில்லில் காகிதக் கோன்களில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தான். அவ்வளவுதான் எங்களுக்கும் மில்லுக்கும் உள்ள உறவு.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன் சம்பளமும், மதினி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்த கூலியும். வீட்டில் அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவதாக நான். பாலில் பாதி தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை கறிக்குப் பதிலாக ஆளுக்கொரு முட்டை, அவளுக்கு முட்டையில்லாமல் குழம்பு மட்டும். சிலிண்டர் நாற்பத்தைந்து நாள் வர வேண்டும் என்று காலையில் ஒரே தடவைதான் அடுப்புப் பற்றும். இந்த நெருக்கடியில் கொசுறு கருவேப்பிலைக்கு ரூபாய் கொடுக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மதினி, ரேஷன் அரிசி மட்டும் சும்மாதான வாங்குதீங்க?"

"எட்டு மணிக்குப் போயி பதினொரு மணி வரைக்கும் நிக்கேன் தம்பி. அது சும்மாவா?"

அவளோடு பேசி நான் ஜெயித்ததே கிடையாது.

பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்றானபோது ஊரே சந்தோசப்பட்டது. மதினி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்தாள். பஸ் ஏறி இறங்கிய ஒவ்வொரு நாளும் டிக்கெட்டுக்கு ஆகியிருக்கும் காசு அந்த டப்பாவுக்குள் விழுந்தது.

"கண்டக்டர் வேண்டாம்னுட்டான். அதுக்காவ அது என் துட்டு ஆயிருமா?" என்றாள்.

"பெறவு யாரு துட்டு?" என்று அண்ணன் கேட்டான்.

"தெரியல. தெரியுத வரைக்கும் இங்கன கிடக்கட்டும்."

அது யாருடைய துட்டு என்று ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி, பிள்ளையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மதினி பார்க்கப் போனாள். மழைக் காலம். கணுக்கால் வரை ஒட்டிய கரிசல் மண்ணை ஆஸ்பத்திரிக் குழாயில் கழுவிவிட்டு, வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"தலை சூடு இறங்கக் கூடாதாம். ஆம்பளைக போடுத காலுறைய வெட்டி, ஒரு முனையக் கட்டி, அது தலையில மாட்டியிருக்காவ. புதுசாத்தான் வாங்குனாவளாம். இருந்துட்டுப் போகுது. மொத மொத உலகத்துக்கு வந்த உசிருக்குத் தலையில காலுறையா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சரிடம் கொக்கி ஊசிப் பின்னல் படித்திருந்தாள். பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, ஒரு கொக்கி ஊசியும் உல்லன் நூலும் வாங்கி வந்தாள். பிள்ளைகளின் தலை அளவுக்கு என்ன செய்வது? நர்சிடம் கேட்டு, சாத்துக்குடி ஒன்று, அதைவிடப் பெரிய மாதுளை ஒன்று, உரித்த சிறு தேங்காய் ஒன்று என்று மூன்று அளவு வைத்துக்கொண்டாள். அடுப்படி அலமாரியைத் திறந்த அண்ணன் மஞ்சள் குல்லாவோடு தேங்காய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏட்டி, இவன் யாரு? எனக்குத் தெரியாம மூணாவது ஒண்ணா?" என்றான். பிள்ளைகள் அதற்குப் பொட்டு வைத்துவிட்டார்கள். சட்னி அரைக்க அன்றைக்குத் தேங்காய் இல்லை.

தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். மருந்து வாடை விரலில் நிற்கும்; அது பச்சைப் பிள்ளை மூக்குக்குப் போகக் கூடாது. சோறு வேகிற நேரம், பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற நேரம், ரேஷன் வரிசை எல்லாவற்றிலும் கை பின்னிக்கொண்டே இருக்கும். ஒரு குல்லா முடிந்ததும் ஒரு தீக்குச்சியைக் கண்ணாடி பாட்டிலுக்குள் போடுவாள். மருந்து முக்காத குச்சி, ஆபீசில் கூட்டித் தள்ளுவது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கணக்கப்பிள்ளையிடம் போய் அனுமதி கேட்டிருக்கிறாள். "குப்பைக்கு உத்தரவு கேட்ட ஒரே ஆளு ஒங்க மதினிதாம்ல" என்று அவர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதே கணக்கப்பிள்ளைதான் தன் மகளுக்கு வளைகாப்பு என்று ஒரு டஜன் குல்லா கேட்டார். ஒன்றுக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்றார். அந்த மாதம் பெரியவளுடைய பள்ளிக்கூடப் பை வார் அறுந்து ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. மதினி முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஆயிரத்து இருநூறு ரூவாட்டி!" அண்ணனுக்குக் குரலே ஏறிவிட்டது.

"குடுத்தத எப்படி விக்கிறது?"

"யாருக்குட்டி குடுத்த? இன்னும் பின்னவே இல்லையே."

"பின்னிக் குடுக்கேன்னு நினைச்சாச்சுல்லா."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பெரியவளுடைய பையைப் பார்த்தேன். அந்த ஊக்கு வருசக் கடைசி வரைக்கும் அந்தப் பையிலேயே இருந்தது. இப்போதும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

முதல் தடவை முப்பது உல்லன் குல்லாக்களைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னாராம். உல்லனில் பிசிர் பறக்கும், பிள்ளை மூக்குக்குள் போகும், பருத்தி நூலாக இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் கொண்டு வாங்க. மதினி கோபப்படவில்லை. முப்பதையும் திருப்பிக் கொண்டுவந்து பெட்டியில் போட்டு மூடினாள்.

பருத்தி நூல் கடையில் ஓர் உருண்டை எழுபது ரூபாய். இரண்டு குல்லாதான் வரும். பவுடர் டப்பாக் காசு எந்த மூலைக்கு? வேலைக்குப் போகும் வழியில் குடிக்கும் டீயை முதலில் நிறுத்தினாள். பிறகு மத்தியானச் சோற்று டப்பா சின்னதானது. வயிறு சரியில்லை என்றாள். ஒரு வாரம் கழித்தும் வயிறு சரியில்லை என்றாள். அண்ணன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அந்தச் சின்ன டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததை ஒரு காலையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் தூக்குவாளிக்குள் மூன்று காகிதக் கோன்களோடு வந்தான். ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் நூல் மிச்சம் இருந்தது.

"மில்லுல அடி நூல ஆளுகளுக்கு வெலைக்குக் குடுக்குதாவ. வாரம் முப்பது ரூவா. வேணுமா?"

"நெசமாவா? முப்பது ரூவாய்க்கா?"

"கழிவுதானட்டி."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் முப்பது ரூபாயை அண்ணன் கையில் எண்ணி வைத்தாள். மில் நூல் ஒற்றை இழை, முடி மாதிரி இருக்கும். எட்டு இழை சேர்த்து முறுக்கி, சுடுதண்ணீரில் அலசிக் காயப்போட்டுப் பின்னுவாள். கடை நூலைவிட மிருதுவாக இருந்தது. நர்ஸ் கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். வாரத்துக்கு எட்டுக் குல்லா. பாட்டிலில் குச்சி ஏறிக்கொண்டே போனது. மத்தியான டப்பாவும் பழைய அளவுக்கு வந்தது. அந்த நாலு மாதமும் எங்கள் வீடு நன்றாக இருந்தது. இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

மில் கேட்டுக்குப் புது வாட்ச்மேன் வந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணனுடைய தூக்குவாளியை அவர் திறந்து பார்த்தார். இரண்டு கோன் இருந்தது.

சங்கத்து அண்ணாச்சி அண்ணனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மதினி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. ரெண்டு கோனு, நூறு கிராம் நூலு. ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்தா ஒரு எச்சரிக்கையோட முடிச்சிருவாவ. தம்பி படிச்ச பையன்தான, எழுதட்டும். நாளைக்குக் காலையில விசாரண."

"எச்சரிக்கை எதுக்கு அண்ணாச்சி? வெலைக்குத்தான வாங்குதாவ."

அண்ணாச்சி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். அவர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நான் குடுத்த முப்பது?"

"வீட்டுக்குத்தான் வந்துச்சு" என்றான் அண்ணன். "ஓவர்டைம்னு வாராவாரம் திங்கக்கிழம தந்தேம்லா."

"வாரம் முப்பது ரூவா மட்டும் ஓவர்டைம் குடுக்குத மில்லு எது? எனக்கு அறிவு வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் கவிழ்த்தாள். உல்லனுக்கும் கடை நூலுக்கும் போட்ட குச்சிகளை முன்பே தனியாக நூல் சுற்றி வைத்திருந்தாள். மிச்சத்தை எண்ணினாள். நூற்றி முப்பத்தாறு.

"எழுது தம்பி. நாலு மாசமா எடுத்தது, நூத்தி முப்பத்தாறு குல்லா, ஒண்ணுக்கு இருவத்தஞ்சு கிராம்."

"மதினி, அண்ணாச்சி ரெண்டு வரி போதும்னாரு. அவங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டு கோனுதான்."

"ரெண்டு கோனுன்னு எழுதினா மிச்ச நூலு யாருது? களவு நூலப் பச்சப்புள்ள தலையில போட்டுட்டு, அதையும் மறைக்கவா? எவ்வளவுன்னு சொல்லு, வெலையக் குடுத்திருவோம். படிச்சவன்தான நீ. உள்ளத எழுது."

நான் எழுதினேன். அவள் சொன்னதற்காக மட்டும் எழுதினேன் என்று சொன்னால் பொய். முழு உண்மையையும் எழுதினால் அவர்கள் மதிப்பார்கள், மனசு இளகுவார்கள் என்று நானும் நம்பினேன். இரண்டு பக்கம் வந்தது. ஆஸ்பத்திரி, காலுறை, சின்ன டப்பா எல்லாம் எழுதினேன். நல்ல கடிதம் என்றுகூட நினைத்தேன். அண்ணன் ஐந்தாவது வரைதான் படித்தவன். "என்னலே எழுதியிருக்க?" என்றான். "எல்லாம்" என்றேன். மதினியைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

மேனேஜர் அந்த இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். ஆபீஸ்காரரிடம் தள்ளினார். அவர் கால்குலேட்டரைத் தட்டி, "மூணு கிலோ நானூறு சார்" என்றார்.

வாட்ச்மேனுக்கே பொறுக்கவில்லை. "சார், நான் பிடிச்சது ரெண்டு கோனுதான் சார்" என்றார்.

சங்கத்து அண்ணாச்சி எட்டிக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. "ஏலே, யாருலே ஒன்னய இத எழுதச் சொன்னது?" என்று என் காதோரம் கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. அழப் போகிறவர் குரல்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எழுதித் தரலைன்னா எனக்குத் தெரியாது தம்பி. நாலு மாசம்னு கையெழுத்தோட எழுதித் தந்த பிறகு, தெரியாதுன்னு நான் மேல சொல்ல முடியாது."

மதினி கொடுத்து அனுப்பிய பணம் என் சட்டைப் பையில் இருந்தது. சிலிண்டருக்கு எடுத்து வைத்தது. கிலோ இருநூற்றைம்பது என்று கடையில் விசாரித்து, எண்ணூற்றைம்பது ரூபாய். அதை மேஜையில் வைத்தேன்.

"இத என்ன கணக்குல வாங்குறது?" என்று ஆபீஸ்காரர் உண்மையாகவே கேட்டார். "இதுக்கு பில் போட முடியாதுங்க."

முடிவு தபாலில் வரும் என்றார் மேனேஜர். அந்தப் பணத்தோடு நாங்கள் வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவள் முதலில் கேட்டது அண்ணன் வேலையைப் பற்றி இல்லை. "வாங்கிக்கிட்டாவளா?" என்றாள். நான் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மிச்சம் இருக்கும் குல்லாக்களைத் திருப்பித் தரச் சொன்னாள். நர்ஸ் கண்ணாடிப் பக்கம் கை காட்டினார். "பிள்ளைங்க போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சும்மா. குளத்தூர், ஓட்டப்பிடாரம்னு எங்க எங்கயோ இருக்கும். இப்ப உள்ள ரெண்டு பிள்ளை போட்டிருக்கு. உருவிட்டு வரட்டுமா, சொல்லுங்க?"

மதினி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒன்று சாத்துக்குடி அளவு, ஒன்று மாதுளை அளவு. "வேண்டாம் சிஸ்டர்" என்றாள்.

ஒரு மாதத்தில் வேலை நீக்க உத்தரவு தபாலில் வந்தது. திருட்டு என்று போட்டிருந்ததால் சேமநிதியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. சங்கத்து அண்ணாச்சி மறுபடியும் வீட்டுக்கு வந்தார்.

"லேபர் ஆபீசுக்குப் போவோம்மா. பத்தொம்பது வருச சர்வீசு. அதுக்குள்ள பணத்துல பாதியாவது வாங்கிரலாம்."

"அங்கன என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"மிரட்டி எழுதி வாங்கிட்டாவ, நாங்க எடுக்கலன்னு சொல்லணும். வேற வழியில்ல."

மதினி அண்ணனைப் பார்த்தாள். அவன் சொல்லட்டும் என்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவன் சின்னவனுடைய செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. எனக்கும் சொல்ல ஏதோ இருந்தது. பிள்ளைகளுக்காவது ஒரு தடவை பொய் சொல்லுங்கள் என்று. சொல்லவில்லை. அந்தக் கடிதம் என் கையெழுத்தில் இருந்தது.

"அப்ப வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். எழுந்து போய் அவருக்கு டீ போட்டாள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர்கள் நாலு பேரும் திருப்பூருக்குப் போனார்கள். அண்ணன் பனியன் கம்பெனியில் மூட்டை கட்டுகிறான். நான் இங்கேயே ஒரு கடையில் கணினி வேலை பார்க்கிறேன். போனில் மதினி சாப்பிட்டியா என்று கேட்பாள். பின்னுகிறாளா என்று நான் கேட்டதில்லை.

அந்த உத்தரவு என்னிடம்தான் இருக்கிறது. பத்தொன்பது வருச வேலைக்கு அண்ணனுக்குச் சேர வேண்டிய பணிக்கொடையை நிறுத்தியதாகச் சொல்லும் வரி இரண்டாவது பக்கத்தில். அதில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட்டிருக்கிறார்கள்: ரூபாய் ஒரு லட்சத்து மூவாயிரத்து முப்பத்தெட்டு.